கடல் கடந்து வந்த பணம் கரிசலில் என்ன விளைத்தது?

அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பிரிட்டனும் தன் உதவியைக் குறைக்கிறது. பணக்கார நாடுகள் கொடுக்கும் பணம் ஏழை நாட்டு மக்களின் வருமானத்தை உண்மையிலேயே உயர்த்துகிறதா என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது. இளையரசனேந்தல் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நாட்களில் இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வானத்தில் மேகத்தின் அறிகுறியே இருக்காது. அப்போதே சில வீட்டுத் திண்ணைகளில் சோள விதை சாக்கின்மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் சில மணி நேரம் ஊறவைத்து எடுத்த விதை அது. வெயில் படாமல் நிழலிலேயே காய வேண்டும். காய்ந்ததும் இரண்டு அங்குல ஆழத்துக்குப் புழுதியில் விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்காகக் காத்திருப்பார்கள். லேசான தூறலுக்கு முளைத்துக் கருகாமல், நல்ல மழை விழுந்த பிறகே விதை முளைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆழம். முளைத்த பிறகு பத்து நாள் மழை ஏமாற்றினாலும் பயிர் தாங்குவதற்காக அந்தக் கரைசல்.

புழுதி விதைப்பு கரிசல்காரர்களுக்குப் புதிது அல்ல, தாத்தா காலத்துப் பழக்கம். ஆனால் எந்த வாரம் விதைத்தால் எந்தப் பயிர் தப்பும், விதையை எப்படிக் கடினப்படுத்த வேண்டும், பகுதிப் பாத்தி போட்டால் ஈரம் எவ்வளவு தங்கும் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சொன்னது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1901ல் பிறந்த பழம்பெரும் நிலையம் அது. அங்கே இயங்கும் மானாவாரி ஆராய்ச்சி மையத்துக்குப் பலர் அறியாத ஒரு பூர்வகதை உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970ல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டம் தொடங்கக் கைகொடுத்தது கனடா அரசின் வளர்ச்சி உதவி.

எங்கோ பனி விழும் தேசத்து வரிப்பணத்துக்கும் கரிசல் காட்டில் நிழலில் காயும் சோள விதைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. கனடா எப்போதோ விலகிவிட்டது. ஆராய்ச்சி நிற்கவில்லை.

வெளிநாட்டு உதவியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் டெல்லியிலும் வாஷிங்டனிலும் நடக்கிறது. கொடுத்தது எவ்வளவு, தின்றது யார் என்று கணக்குக் கேட்பார்கள். இளையரசனேந்தல் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு விதமாக விழுகிறது. கொடுத்தவர் கிளம்பிய பிறகு ஊரில் என்ன மிஞ்சியது?

பெட்டிச் செய்தி: இரண்டு மாவட்டங்களின் நடுவே ஓர் ஊர்

இளையரசனேந்தல், கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. 2008ல் இளையரசனேந்தல் குறுவட்டம் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019ல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது குருவிகுளம் அங்கே போனது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சிப் பணிக்கு இன்னொரு மாவட்டம் என்ற நிலையை எதிர்த்து மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். உதவித் திட்டங்கள் மாவட்டக் கணக்கில் வருபவை. இப்படிப்பட்ட எல்லை ஊர்கள் அந்தக் கணக்கில் எளிதில் விடுபடும்.

கப்பலில் வந்த கோதுமை

கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல் என்றால், கிழக்கே எட்டயபுரம். பாரதி பிறந்த அந்த ஊரில்தான் 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊர்மக்களின் நன்கொடையில் ஓடிய திட்டம் அது. பிறகு அரசுப் பணமும் சேர்ந்தது. 1961ல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடர், மாவு, எண்ணெய் என்று அனுப்பத் தொடங்கியது. அறுபதுகளில் கரிசல் கிராமங்களில் பள்ளிக்குப் போன தலைமுறைக்கு மஞ்சள் உப்புமாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட எண்ணெய் டின்கள் காலியான பிறகு வீடுகளில் தவிடும் தானியமும் போட்டு வைக்கப் பயன்பட்டன.

அந்தத் தானியத்தின் வழி பெரியது. 1954ல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தன் நாட்டில் தேங்கிய தானியத்தை ஏழை நாடுகளுக்கு அவர்களின் சொந்த நாணயத்திலேயே விற்க அது வழி செய்தது. 1965ம் 1966ம் வறட்சி ஆண்டுகள். 1966ல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் கோபம் கொண்ட அதிபர் ஜான்சன், கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் அளந்து அனுப்பினார். கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

அந்த அவமானத்தை நேரில் அனுபவித்தவர் ஒரு தமிழர். மத்திய உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கு உடன்பட்டார். அடுத்த ஆண்டு 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. கப்பல் கப்பலாக வந்த உணவு கோதுமை அந்தந்த ஆண்டின் பசியோடு தீர்ந்துபோனது. அதில் சிறு பங்குகூட இல்லாத விதைக் கோதுமை, சில ஆண்டுகளில் இறக்குமதிக்கான தேவையையே வெகுவாகக் குறைத்தது.

உணவு உதவிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1979ல் நோபல் பெற்ற பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960லேயே எச்சரித்தார்: மலிவாகக் கொட்டப்படும் தானியம், வாங்கும் நாட்டின் விவசாயிக்கு விலையைக் குறைத்துவிடும், அவன் அடுத்த ஆண்டு கூடுதலாக விதைக்க மாட்டான். ரேஷன் கடைக்குக் கோதுமை வந்தது நகரத்துக்கு நல்லது. கம்பும் சோளமும் விற்றுப் பிழைத்தவனுக்கு அது நல்லதா என்று அன்று கேட்டவர்கள் குறைவு. 1956ம் ஆண்டு ஒப்பந்தத்தில் கோதுமை, அரிசியோடு பருத்தியும் இருந்தது. கருங்கண்ணிப் பருத்தி விளையும் பூமிக்கு இந்தத் தகவல் அலட்சியமாகக் கடந்துபோகக் கூடியது அல்ல.

ஆனாலும் மதிய உணவின் கணக்கு வேறு. சோறு கிடைக்கும் என்பதால் பள்ளிக்கு வந்த பிள்ளை நான்கு எழுத்து படித்தது. படித்த பிள்ளைக்கு ஆசிரியர் வேலை, ரயில்வே வேலை, ராணுவ வேலை கிடைத்தது. மானாவாரிப் பூமியில் ஒரு குடும்பத்தின் வருமானம் ஒரே தலைமுறையில் மாறியது பெரும்பாலும் இந்த வழியில்தான். கேர் அனுப்பிய பால் பவுடர் அதற்கு ஒரு தோள் கொடுத்தது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது பொறுப்பு முழுவதையும் மாநில அரசே தோளில் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் முட்டை வந்தது. 2022ல் காலை உணவும் வந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதை நிறுத்தத் துணியாத அளவுக்கு அந்தச் சோறு உரிமையாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த ஓர் உதவி ஊருக்குள் வேர்விட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

பெட்டிச் செய்தி: 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை

பி.எல். 480 கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் கட்டியது. அந்தப் பணம் அமெரிக்கத் தூதரகத்தின் பெயரில் இந்தியாவிலேயே மலைபோல் குவிந்தது. அவ்வளவு ரூபாயை அமெரிக்கா செலவழிக்கவும் முடியாது, வெளியே கொண்டுபோகவும் முடியாது. 1974 பிப்ரவரி 18 அன்று அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். உலகின் மிகப் பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது அது.

ஆயக்கட்டை நோக்கிப் பாய்ந்த பணம்

தமிழ்நாட்டு விவசாயத்துக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒன்று புரியும். அது தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடியே போயிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு வந்த தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானது தஞ்சாவூர். காவிரி பாயும் இடத்தில் விதையும் உரமும் கடனும் சேர்த்துக் கொடுத்தால் விளைச்சல் உடனே தெரியும் என்பது கணக்கு. 1984ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் உதவியோடு ஏரி, கண்மாய்களைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. 1995ல் உலக வங்கியின் நீர்வள ஆதாரத் திட்டம் வந்தது. 2007ல் ‘ஐயாம்வார்ம்’ என்று அதிகாரிகளும் விவசாயிகளும் ஒருசேர உச்சரித்த பாசன நவீனமயத் திட்டம். அதற்கு மட்டும் உலக வங்கி ஒதுக்கியது 48.5 கோடி டாலர். வைப்பாறு வடிநிலமும் அதில் இருந்தது. கண்மாய்க் கரைகள் உயர்ந்தன, மடைகள் புதிதாயின, கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய்கள் வந்தன.

இதில் பயன் அடைந்தவர்கள் நிறைய. குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றே: ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? கண்மாய்க்குக் கீழே நிலம் இருப்பவன் கணக்கில் வருவான். மேட்டுக் காட்டில் உளுந்தும் பாசியும் மல்லியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவனுக்கு ஆயக்கட்டே கிடையாது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மழை, அதிலும் பாதிக்கு மேல் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, அதுதான் அவனுடைய மடை. சின்னக் கண்மாய்களின் கதை இன்னும் மோசம். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரிய திட்டங்கள் பெரும்பாலும் பொதுப்பணித் துறைக் கண்மாய்களோடு நின்றுவிட்டன.

அதனால்தான் கனடா உதவியில் தொடங்கிய அந்த மானாவாரி ஆராய்ச்சியை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் இல்லாத பூமியையும் ஒரு பொருட்டாக மதித்து வந்த அபூர்வமான பணம் அது.

இன்னொன்று அடிபம்பு. 1967ல் பீகார் வறட்சியின்போது துளையிடும் எந்திரங்களை இறக்குமதி செய்து உதவிய யுனிசெஃப், போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் பம்புகள் சில மாதங்களிலேயே பழுதாகிக் கிடப்பதைக் கண்டது. வீட்டு உபயோகத்துக்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்பு, நாள் முழுவதும் ஒரு தெருவே அடித்தால் தாங்குமா? எழுபதுகளின் நடுவில் உருவான ‘இந்தியா மார்க் 2’ பம்பு கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டது. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரானது. உள்ளூர்ப் பட்டறையில் செய்யக்கூடிய, உள்ளூர் மெக்கானிக் பிரித்து மாட்டக்கூடிய பம்பு. பின்னாளில் அது ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. கரிசல் ஊர்ப் பெண்களுக்கு அது மிச்சப்படுத்திய நேரத்துக்கு யாரும் கூலி போட்டுப் பார்க்கவில்லை. ஊருணிக்கு நடந்த நேரத்தில் ஒரு பகுதி களையெடுப்புக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போனது என்றால், அது வீட்டு வருமானத்தில் சேர்ந்த காசுதான்.

வட்டி குறைந்தாலும் வருமானம்தான்

கரிசல் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தின்பது இரண்டு: பொய்த்த மழை, கந்துவட்டி. நெல்லைச் சீமையில் கந்துவட்டியின் கொடுமை என்னவென்று 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது நாடே பார்த்தது. 2003லேயே அதற்கு எதிராகச் சட்டம் இருந்தும் அது நடந்தது.

மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்று 10,000 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். முதல் அப்படியே நிற்கும். அதே பணத்தை மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடனாக நூற்றுக்கு ஒன்று வட்டியில் வாங்கினால் ஆண்டுக்கு 1,200. மிச்சம் 4,800 ரூபாய். கூலி ஒரு பைசாகூட உயராமல், நிலத்தில் ஒரு மூட்டை கூட விளையாமல் வீட்டுக்குள் வந்த வருமானம் இது.

இந்தக் குழுக்களின் தொடக்கம் தர்மபுரியில். ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் அங்கே தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்தது. நடத்தியது 1983ல் மாநில அரசு அமைத்த மகளிர் மேம்பாட்டு நிறுவனம். அந்த அனுபவத்தை எடுத்து 1997ல் தமிழ்நாடு அரசு தன் சொந்தச் செலவில் ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. சந்தா, உள்கடன், சுழல்நிதி, வங்கி இணைப்பு, ஊக்குநர் என்ற சொற்கள் கரிசல் கிராமத்துப் பெண்களின் வாய்க்குப் பழகியது அதன் பிறகுதான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி மேலாளரின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

2005ல் உலக வங்கிக் கடனில் ‘புது வாழ்வுத் திட்டம்’ வந்தது. வறுமையில் இருப்பவர் யார் என்ற பட்டியலை மக்களே தயாரித்துக் கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் நடந்த மதிப்பீட்டு ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களில் அதிக வட்டிக் கடன் குறைந்திருந்தது. வருமானத்துக்குக் குடும்பங்கள் நம்பியிருந்த வழிகள் பெருகியிருந்தன. ஊர்ப் பொதுவிஷயத்தில் பெண்களின் பங்கு கூடியிருந்தது. குடும்பங்கள் லட்சாதிபதி ஆகிவிடவில்லை. ஆனால் கடனுக்குப் போகும் பணம் குறைந்தது என்பது, மழை பொய்த்த வருடத்தில் நகை அடகுக்கடைக்குப் போகாமல் தப்பியது என்று பொருள்.

டென்மார்க்கின் டானிடா நிறுவனம் 1986ல் தொடங்கிய ‘தான்வா’ திட்டமும் நினைவுகூரத் தக்கது. அதுவரை வேளாண் துறையினர் ஊருக்கு வந்தால் ஆண்களிடம் பேசிவிட்டுப் போவார்கள். விதை பொறுக்குவதும் களை எடுப்பதும் தானியம் சேமிப்பதும் பெண்கள். அந்தப் பெண்களுக்கே ஊரில் வைத்து விதைநேர்த்தியும் சேமிப்பும் சொல்லிக் கொடுத்தது தான்வா. கற்றவர் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்துக் காட்டுக்காரி சொன்னால் கேட்பார்கள், அதிகாரி சொன்னால் தலையாட்டுவார்கள் என்ற கிராமத்து உண்மையை அந்தத் திட்டம் சரியாகப் பிடித்திருந்தது.

குழுக்களின் இன்றைய நிலை கவலை தருகிறது. தனியார் நுண்கடன் நிறுவனங்களும் ‘குழு’ என்ற அதே பெயரில்தான் ஊருக்குள் வருகின்றன. வாரத் தவணை தவறினால் வாசலில் வந்து உட்காருகிறார்கள். ஒரு தவணை கட்ட இன்னொரு கடன் என்று பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டாய வசூலைத் தண்டிக்க 2025ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. சேமிப்பில் தொடங்கிய குழுவுக்கும் கடனில் தொடங்கும் குழுவுக்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டு தமிழர்கள் போட்ட கணக்கு

உலகப் பொருளாதார அறிஞர்கள் இதில் ஒருமித்த முடிவுக்கு வந்துவிட்டார்களா? இல்லை. மிகக் கடுமையான தீர்ப்பு ஒன்றைச் சொன்னவர்கள் இரண்டு தமிழர்கள். பின்னாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரான ரகுராம் ராஜனும், மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகரான அரவிந்த் சுப்பிரமணியனும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளின் பல்லாண்டுக் கணக்கை அலசினார்கள். உதவி அதிகம் வாங்கிய நாடு அதிகம் வளர்ந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். 2011ல் அவர்களே ஒரு காரணத்தையும் சொன்னார்கள். வெளிநாட்டுப் பணம் கொட்டும்போது உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறுகிறது. படித்தவர்களின் சம்பளம் ஏறுகிறது. ஆட்களை நம்பி ஏற்றுமதி செய்யும் தொழில்கள் அடிபடுகின்றன. இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயர். திருப்பூர் பனியன் போலவும் கோவில்பட்டி தீப்பெட்டி போலவும் ஏழைக்கு வேலை கொடுப்பவை அத்தகைய தொழில்கள்தான் என்பதால் இந்த எச்சரிக்கை முக்கியம்.

எதிர்த் தரப்பும் வலுவாக இருக்கிறது. 2017ல் கலியானி, நாக், ஷூ, ஸௌ என்ற நால்வர் ஒரு புத்திசாலித்தனமான வழியைக் கண்டார்கள். உலக வங்கியின் சலுகைக் கடன் அமைப்பான ஐ.டி.ஏ., தலா வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய நாட்டுக்கு உதவியைக் குறைத்துவிடும். 1987 முதல் 2010 வரை அப்படி வரம்பைத் தாண்டிய 35 நாடுகளைப் பார்த்தார்கள். தேசிய வருமானத்தில் ஒரு சதவீதப் புள்ளி அளவுக்கு உதவி கூடினால், தலா வருமான வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 0.35 சதவீதப் புள்ளி கூடுகிறது என்று கண்டார்கள். கேட்கச் சிறிய எண். இருபது ஆண்டுகள் தொடர்ந்தால் தலா வருமானத்தில் ஏழு சதவீதம்.

நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டனின் ஆட்சேபம் வேறு வகை. அரசுக்கு வெளியிலிருந்து பணம் வந்துவிட்டால், மக்களிடம் வரி வாங்கி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அதற்குக் குறைந்துவிடுகிறது என்கிறார் அவர். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரிப் போனது ஏன்? இங்கே வந்த உதவி, அரசின் வரவுசெலவில் சிறு பங்குதான். அரசை ஆட்டிவைத்தது ஓட்டு. 1967 தேர்தலில் அரிசிதான் ஆட்சியை மாற்றியது. மதிய உணவோ, மகளிர் குழுவோ, நன்றாக ஓடிய திட்டத்தைக் கைவிட்டால் தோற்போம் என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. வெளிநாட்டுப் பணத்தை வருமானமாக மாற்றிய கருவி அந்தப் பயம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

உதவியில் பிறந்த பெரிய நிறுவனங்களும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959ல் மேற்கு ஜெர்மனியின் கருவிகளோடும் பேராசிரியர்களோடும் பிறந்தது. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவி. திருச்சி பெல் ஆலைக்குக் கைகொடுத்தது செக்கோஸ்லோவாகியா. இவை ஒவ்வொன்றும் ஈட்டித் தந்ததை எந்த ஆய்வின் ஒற்றை எண்ணும் முழுமையாகப் பிடிக்காது. அந்த ஈட்டல் இளையரசனேந்தலுக்கு வந்து சேர ஒரே வழி, இங்கிருந்து ஒரு பிள்ளை படித்து அங்கே போய்ச் சேர்வதுதான்.

பெட்டிச் செய்தி: எண்களில் உதவி

● 1970ல் ஐ.நா. வைத்த இலக்கு: பணக்கார நாடுகள் தம் வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும். எட்டியவை சில நாடுகளே.

● 2024ல் பணக்கார நாடுகளின் மொத்த வளர்ச்சி உதவி சுமார் 21,200 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 7 சதவீதம் குறைவு.

● அதே ஆண்டு வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

● உதவி வாங்கிய தென்கொரியா 2010ல் உதவி கொடுக்கும் நாடுகளின் குழுவில் சேர்ந்தது.

● ஐ.டி.ஏ. சலுகைக் கடன் பட்டியலிலிருந்து இந்தியா 2014ல் வெளியேறியது.

பணம் நின்ற பிறகு

உதவி நிற்பது எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு டென்மார்க் உள்ளிட்ட நாடுகள் உதவியை முடக்கின. 2003ல் வாஜ்பாய் அரசே முந்திக்கொண்டு, சிறு நாடுகளின் நேரடி உதவி இனி வேண்டாம், குறிப்பிட்ட சில நாடுகளிடம் மட்டும் வாங்குவோம் என்று அறிவித்தது. தன்மானம் என்ற அளவில் அந்த முடிவு சரி. ஆனால் சிறு நாடுகள்தான் சிறு பயிர், சிறு ஊர், பெண் விவசாயி என்று சின்ன விஷயங்களில் கவனம் வைத்தன. பெரிய வங்கிகளுக்குப் பெரிய திட்டங்கள் வேண்டும்.

2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த திருத்தம் இன்னொரு அடி. பணம் பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் அதை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதல் கணக்கு. முறைகேட்டைத் தடுக்க வந்த விதிகள் என்றார்கள். நகரத்து நிறுவனத்திடம் நிதி பெற்றுக் கிராமத்தில் மாலை வகுப்பும் விதை வங்கியும் நடத்திய சின்ன அமைப்புகளின் கை அதோடு கட்டப்பட்டது.

யுஎஸ்எய்டு மூடப்பட்டதன் விளைவு இந்தியாவில் பெரிய அதிர்ச்சியாக இல்லை. அதற்குக் காரணமே பழைய உதவி சரியான இடத்தில் விழுந்ததுதான். 1995 முதல் சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக யுஎஸ்எய்டு நடத்திய ‘அபேக்’ எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் போய்ப் பேசியது. அதற்கு ஓராண்டு முன்பே எய்ட்ஸுக்கென்று மாநில அளவில் தனிச் சங்கம் அமைத்திருந்தது தமிழ்நாடு. வெளிநாட்டுப் பணம் வடிந்தாலும் மருந்தும் பரிசோதனையும் நிற்கவில்லை. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் சாகாமல் இருப்பதைவிடப் பெரிய வருமானம் ஒரு குடும்பத்துக்கு எது? ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அந்த மருந்தே அமெரிக்கப் பணத்தில் ஓடியது. 2025ல் அங்கே மருந்தகக் கதவுகள் மூடியபோது மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை.

உதவி அளவுக்கு மீறி விழுந்தாலும் ஆபத்துதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஃபைபர் படகு கொடுத்தன. கடலில் மீன் அதே அளவு, படகு கூடியது. ஒரு படகுக்குக் கிடைக்கும் பாடு குறைந்தது.

எல்லைக்கோட்டின் பிரச்சினை தீப்பெட்டித் தொழிலிலும் தெரிந்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இந்திய அரசும் தலா 2 கோடி டாலர் போட்டு, 2003ல் இருந்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. வழியாக நடத்திய ‘இண்டஸ்’ குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டத்தில் விருதுநகர் உட்படத் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்கள் இருந்தன. தூத்துக்குடி அந்தப் பட்டியலில் இல்லை. சிவகாசியும் கோவில்பட்டியும் ஒரே தொழில் வட்டாரம், ஒரே குச்சி, ஒரே மருந்து. திட்டத்துக்கு மட்டும் இரண்டு தேசம்.

வாங்கியவர் கொடுக்கும் காலம்

இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகத்தில் போருக்குப் பின் 50,000 வீடுகள் கட்ட இந்தியா மானியம் கொடுத்தது. பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள, தவணை தவணையாகப் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது. 2022ல் அந்த நாடு திவாலானபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு தனியாக 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்புவதாக அறிவித்து, அந்த மே மாதமே முதல் கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்பியது. மூட்டைகளில் பால் பவுடர் வாங்கிக் குடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது.

கொடுக்கும் இடத்துக்கு வந்த தமிழ்நாடு, தன் மானாவாரிக் காட்டை மறக்கக் கூடாது. இன்று இளையரசனேந்தல் பக்கம் மக்காச்சோளத்தில் 2018 முதல் படைப்புழு, உளுந்து அறுக்கும் நேரத்தில் தப்பிப் பெய்யும் மழை, இரவில் காட்டுப்பன்றி. இவற்றுக்கு உலக வங்கியின் வருகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசு அடுத்து எந்த வெளிநாட்டுக் கடனில் வேளாண் திட்டம் வரைந்தாலும், ஆயக்கட்டு ஏக்கரோடு ஆயக்கட்டே இல்லாத ஏக்கரையும் தேர்வு விதியில் எழுதச் சொல்லலாம். பண்ணைக்குட்டைக்கும், ஒன்றியக் கண்மாய்க்கும், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தரும் விதைக்கும் அதில் பங்கு கேட்கலாம். 12 ஊராட்சிகளும் எந்த மாவட்டத்தின் பயனாளிப் பட்டியலில் சேர்கின்றன என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கலாம். கேட்பதற்கான இடம் கிராம சபை. புது வாழ்வுத் திட்டக் காலத்தில் எழுந்து நின்று பட்டியலை வாசித்துத் திருத்திய பெண்கள் பலர் அந்தக் கூட்டங்களுக்கு இன்னும் வருகிறார்கள்.